குடியம் குன்றுகளில் மாதம் ஒரு விடியற்காலை: வனத்துறைக்கு வடசென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பகுதிகளில் விடிவதற்கு முன்பே எழுந்து நெடுந்தூரம் ஓடிப் பழகுகிறவர்களில் நானும் ஒருத்தி. 2024 அக்டோபரில் தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்தீர்கள். அந்தப் பட்டியலில் எங்கள் கண் போய் நின்ற இடம் திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைப் பாதை. அதில் மாதத்துக்கு ஒரு விடியற்காலையை ஓட்டப் பயிற்சிக்கு ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஓடுவதற்கு மலை எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக ஓடிப் பாருங்கள். ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இராது. எங்கள் பக்கம் தரையை விட்டு உயர்ந்து நிற்பவை கொடுங்கையூர்க் குப்பை மேடும் மேம்பாலங்களும்தான். ஆகவே மின்ட் மேம்பாலத்திலும் பெரம்பூர் மேம்பாலத்திலும் ஏறி இறங்கிப் பழகுகிறோம். ஒரு பாலம் ஏழு மீட்டர் உயர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்நூறு மீட்டர் ஏற்றம் சேர்க்க எழுபது தடவைக்கு மேல் ஏற வேண்டும். அதற்குள் வெளிச்சம் வந்துவிடும், கன்டெய்னர் லாரிகளும் வந்துவிடும். ஏற்றத்தையாவது இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்துவிடலாம். இறக்கத்தைச் சேர்க்க முடியாது. பாலத்தில் இறங்கத் தொடங்கினால் ஒரு நிமிடத்தில் சமதரை வந்துவிடுகிறது.

நெடுந்தூர ஓட்டக்காரரைச் சாய்ப்பது பெரும்பாலும் இறக்கம்தான். ஏறும்போது மூச்சு வாங்கும். வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். செங்குத்தான இடத்தில் முழங்காலில் கையூன்றி நடந்துகூட ஏறலாம், அனுபவசாலிகள் அப்படித்தான் செய்கிறார்கள். இறங்கும்போது நிலைமை வேறு. தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சுருங்கி வேலை செய்வதற்குப் பழகிய தசைக்கு, நீண்டபடி சுமை தாங்குவது பெரிய அடி. நுண்ணிய இழைகள் சேதப்படுகின்றன. அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குப் படியிறங்க முடியாத வலி வருகிறது. எங்களோடு ஓடும் ஒருவர் மணலியில் ஷிப்டு வேலை பார்ப்பவர். சமதரையில் எங்களில் யாரும் அவரைத் தொட முடியாது. மலைப் போட்டி ஒன்றில் உச்சிவரை முன்னணியில் போனவர், இறக்கத்தின் பாதியில் தொடை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். மூச்சும் மன உறுதியும் அவரிடம் மிச்சமிருந்தன. தொடைதான் அந்த வேலையை அதற்கு முன் செய்ததே இல்லை.

இதற்கு மருந்தும் இறக்கத்திலேயே இருக்கிறது. ஒருமுறை நீண்ட சரிவில் ஓடி, வலி கண்டு, தேறியவருக்கு அடுத்த முறை அதே சரிவில் சேதம் கணிசமாகக் குறைகிறது. தசை கற்றுக்கொள்கிறது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடித்துப் பிறகு மங்குகிறது. மாதம் ஒருமுறை என்று நாங்கள் கேட்பதன் காரணம் இதுதான். வாராவாரம் தேவையில்லை, ஆண்டுக்கு ஒருமுறை போதாது.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு, ஆக்லாந்துக்கு வெளியே உள்ள வைட்டாகெரே மலைத்தொடரில் தம் மாணவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் ஓடவைத்தார். அவர்களில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். இரண்டே சுற்று ஓடுகிறவருக்கே மலை இவ்வளவு செய்தது என்றால், 42 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஓடுகிறவருக்கு என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏலகிரியும் ஏற்காடும் கொல்லிமலையும் இருக்கின்றனவே என்பீர்கள். கார் வைத்திருப்பவருக்கும், சனி ஞாயிறு இரண்டும் விடுமுறையாக உள்ளவருக்கும் இருக்கின்றன. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமைதான் மீன் விற்பனை உச்சத்தில் இருக்கும். ஆலைத் தொழிலாளியின் வார விடுப்பு எந்தக் கிழமையில் விழும் என்பது ஷிப்டைப் பொறுத்தது. நாகலாபுரம் மலைகள் கிட்டத்தில் இருந்தாலும் அவை ஆந்திர எல்லைக்குள் உள்ளன. குடியம் மட்டும்தான் எங்கள் கைக்கு எட்டுகிறது. வியாசர்பாடியிலோ பெரம்பூரிலோ புறநகர் ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கினால், மீதி வழிக்கு ஒரு வேன் பேசிக்கொள்ளலாம். பூண்டி நீர்த்தேக்கத்தின் பக்கத்துக் குன்றுகள் அவை. அந்த நீர்த்தேக்கம் 1944இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டது. அதே ஆறுதான் எண்ணூரில் எங்கள் கண்ணெதிரே கடலில் சேர்கிறது. குடியத்தை அந்நிய இடமாக நாங்கள் நினைக்கவில்லை.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மலையை நேசிக்கும் எவரும் மறக்க முடியாது. வழிகாட்டி இல்லாமல் யாரும் காட்டுக்குள் நுழையக் கூடாது என்ற விதியை முழு மனதோடு ஏற்கிறேன். பெண்களாகிய எங்களுக்கு ஆளரவமற்ற பாதையில் உங்கள் பணியாளர் ஒருவர் நிற்பது எவ்வளவு பெரிய தைரியம் என்பதையும் சொல்ல வேண்டும். சிக்கல் வேகத்தில்தான். நடப்பவர்களோடு ஒரு வழிகாட்டி கூடவே போக முடியும், ஓடுகிறவர்கள் பிரிந்துபோவார்கள். ஆகவே வழிகாட்டிகள் பாதையின் குறித்த இடங்களில் நிற்கட்டும். ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, போகும்போதும் திரும்பும்போதும் சரிபார்க்கட்டும். கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் ஒருவர் வரட்டும். உள்ளூர் இளைஞர்களே வழிகாட்டிகளாக இருப்பதால் அவர்களுக்கும் கூடுதலாக ஒரு நாள் ஊதியம் கிடைக்கும். அதற்கான கட்டணத்தைத் தரத் தயாராக இருக்கிறோம்; மாதாமாதம் வருகிறவருக்குத் தாங்கும்படி வையுங்கள் என்பது மட்டுமே வேண்டுகோள்.

போட்டி வேண்டாம். ஒலிபெருக்கி, விளம்பரத் தட்டி, பிளாஸ்டிக் குவளை எதுவும் வேண்டாம். தண்ணீரும் விசிலும் அவரவர் முதுகில் இருக்கும். காடு காய்ந்து தீப்பிடிக்கக்கூடிய தீப்பருவத்தில் கேட்க மாட்டோம். வடகிழக்குப் பருவமழையில் பாறை வழுக்கும் மாதங்களிலும் கேட்க மாட்டோம். பிரிட்டிஷ் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்திலும், குடியத்துக்கு அருகிலுள்ள அதிரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்த பிறகு உலகத் தொல்லியலில் இடம்பெற்ற வட்டாரம் இது. குடியம் குகைகளும் அந்த வரலாற்றைச் சேர்ந்தவை. குகை வாசலுக்கு முன்பே எங்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தரையிலிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எங்களில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

உயரத்தில் குடியம் சிறிய குன்றுதான். ஆனால் உருளும் கற்களின் மேல் கணுக்கால் தானாகச் சமன் செய்துகொள்ளப் பழகும். குதிகாலை ஊன்றித் தடுக்காமல், சிறு எட்டாக வைத்து, நான்கடி முன்னே பார்த்தபடி இறங்கும் வித்தையைத் தார்ச்சாலையில் யாரும் கற்க முடியாது. இரண்டு மூன்று முறை ஏறி இறங்கினால், மேம்பாலம் தராத பயிற்சி ஒரே காலையில் கிடைத்துவிடும்.

அடுத்த தீப்பருவம் முடிந்து பாதை திறக்கும்போது, இருபது பேருக்கு மட்டும் சோதனையாக ஒரு காலை அனுமதியுங்கள். வனச்சரகர் நேரில் நின்று பார்க்கட்டும். பாதைக்கோ காட்டுயிருக்கோ தீங்கு என்று அவர் கருதினால், அடுத்த மாதம் நாங்கள் கேட்கப்போவதில்லை. எந்த அலுவலகத்துக்கு, எந்த நாளில் வந்து பேச வேண்டும் என்று தெரிவித்தால், வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் ஓட்டக்காரி