அண்ணிக்கு, பெல்லி நடனம் தொடங்கும் முன்

அன்புள்ள அண்ணி,

வீட்டிலிருந்தபடியே இணைய வகுப்பில் பெல்லி நடனம் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதித் தீர்த்துவிடக்கூடிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. உங்களைப் போலவே ஆசையும் தயக்கமும் சேர்ந்திருப்பவர்கள் வேறு சிலரும் படிக்கட்டும் என்று, உங்கள் அனுமதியோடு பொதுவிலேயே எழுதுகிறேன்.

இந்த நடனத்தைத் திரையில் பார்த்துக் கற்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அசைவு எங்கே தெரிகிறது என்பதைத்தான் திரை காட்டும். அது எங்கிருந்து கிளம்புகிறது என்பதைக் காட்டாது. ஷிம்மி என்னும் அதிர்வசைவையே எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு படபடவென்று அதிர்வதைப் பார்க்கும் எவரும் இடுப்பைத்தான் குலுக்கத் தொடங்குவார்கள். சற்று நேரத்தில் தோளும் சேர்ந்து ஆடும், அடிமுதுகு இறுகிப்போகும். எகிப்திய பாணியின் அடிப்படை ஷிம்மியில் உழைப்பவை முழங்கால்கள். பாதங்களை இடுப்பகலத்துக்கு இணையாக வைத்து, இரண்டு குதிகாலும் தரையை விட்டு எழாமல், ஒரு முழங்காலை நீட்டும்போது மற்றதை மடக்குங்கள். நீட்டிய பக்கத்து இடுப்பு தானாக மேலேறும், மடக்கிய பக்கம் தானாக இறங்கும். இதை மிக மெதுவாக, தொடையும் பிட்டமும் தளர்ந்திருக்கும்படி செய்து பழகி, பிறகு வேகத்தை ஏற்றினால் அந்த அதிர்வு தன்னாலே வரும். நீட்டுகிறோம் என்று முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிவிடக் கூடாது. உங்கள் இடது முழங்காலின் பழைய தொந்தரவை ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்; வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சிறுவயதில் நீங்கள் பரதம் கற்றவர் என்பது பாதி உதவி, பாதி இடையூறு. அரைமண்டியில் வெளிநோக்கித் திரும்பிப் பழகிய முழங்கால்கள் இங்கே நேராக முன்னோக்கி நிற்க வேண்டும். தட்டடவில் ஓங்கி மிதித்த பாதம் இங்கே சத்தமில்லாமல் ஊன்ற வேண்டும் (கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார் என்பது மாடிக் குடியிருப்பில் சாதாரண லாபம் இல்லை). பரதத்தில் உறுதியாக ஒரே கட்டாக நிற்கும் உடற்பகுதியை இங்கே விலாக்கூடு தனி, இடுப்பு தனி என்று பிரித்து அசைக்கப் பழக வேண்டும். இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

உதவும் பாதி உங்கள் காதில் இருக்கிறது. இந்த நடனத்துக்குத் தாளம் போடும் தர்புகாவை எகிப்தியர்கள் தப்லா என்று அழைப்பார்கள்; அது நம் தபலா அன்று. கோப்பை வடிவில் ஒற்றை முகம் கொண்ட கருவி. நடுவில் அடித்தால் எழும் கனத்த ஒலி 'தும்'. விளிம்பில் எழும் கூர்மையான ஒலி 'தக்'. அதிகம் கேட்கக் கிடைக்கும் தாளமான மக்ஸூமை எட்டு எண்ணிக்கையில் 'தும் தக் – தக் தும் – தக் –' என்று சொல்லிப் பாருங்கள் (கோடு வரும் எண்ணிக்கையில் மௌனம்). தெற்கே உள்ள மேல் எகிப்தின் சயீதி தாளம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் நடுவில் இரண்டு 'தும்' அடுத்தடுத்து விழும்: 'தும் தக் – தும் தும் – தக் –'. ஜதி சொல்லிக் கை தட்டியவருக்கு இந்த வேறுபாடு ஒரு மாலைப் பொழுதில் பிடிபட்டுவிடும். வகுப்பில்லாத நாட்களில் ஆடவே வேண்டாம், சமைக்கும்போது இவற்றை வாயால் சொல்லிக்கொண்டிருங்கள். 'தக்'கில் இடுப்பு எங்கே நிற்க வேண்டும் என்று காது அறிந்துவிட்டால், ஆசிரியரின் உடலைக் கண் இமைக்காமல் பார்த்து ஒரு கணம் பின்தங்கியே ஆடும் பழக்கம் ஒட்டாது. தாளம் ஓய்ந்து, கானூன் என்னும் தந்திக் கருவியோ நேய் என்னும் நாணல் குழலோ தனியாக ஒலிக்கும் தக்ஸிம் பகுதி நம் ஆலாபனைக்கு அருகில் வரும். அங்கே எண்ணிக்கையை விட்டுவிட்டு நீண்ட, வழுக்கும் அசைவுகளைப் பழகலாம்.

நேரலை வகுப்பில் தாளத்தைத் திருத்துவது ஆசிரியருக்கும் கடினம். அவர் போடும் பாட்டு உங்களுக்குத் தாமதித்து வரும், நீங்கள் ஆடுவது அவருக்கு மறுபடியும் தாமதித்துப் போகும். நீங்கள் சரியாக ஆடினாலும் அவருக்குப் பிசகியதாகவே தெரியும். அதனால் உங்கள் அறையிலேயே பாட்டைப் போட்டு ஆடி, அதைக் காணொளியாகப் பதிந்து வகுப்புக்கு முன் அனுப்புவது நல்லது. ஜூமில் பாட்டு விட்டுவிட்டுக் கேட்டால் உங்கள் இணைப்பைத் திட்டாதீர்கள். இரைச்சலை நீக்கும் வசதி மேளத்தையும் இரைச்சலாக எண்ணி அமுக்குவதுண்டு. கணினியின் ஒலியை நேரடியாகப் பகிருமாறு ஆசிரியரிடம் கேளுங்கள். கேமரா உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும், பாதம்வரை தெரியட்டும். நைட்டி வேண்டாம், முழங்கால் தெரியும்படி லெகின்ஸ் அணிந்து, இடுப்பெலும்பின்மேல் ஒரு துப்பட்டாவை இறுக்கிக் கட்டினால் போதும். காசு கோத்த சால்வை அழகுதான், ஆனால் அதன் சலசலப்பில் 'தக்' கேட்காது. யோகா விரிப்பையும் சுருட்டி வையுங்கள். திரும்பும்போது அது பாதத்தைப் பிடித்துக்கொள்ள, முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

அம்மா என்ன சொல்வார் என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எனக்குத் தெரியும். நம் சினிமாவின் கவர்ச்சிப் பாட்டுகள் இந்த நடனத்துக்குச் செய்துவைத்த பெயர் அப்படி. எகிப்திலோ இதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று மேடை: 1926-இல் நடனக் கலைஞர் பதியா மஸாப்னி கெய்ரோவில் தொடங்கிய இரவு விடுதியும், அங்கிருந்து திரைக்குப் போன நடனமணிகள் தஹியா கரியோக்கா, சாமியா கமால் ஆகியோரும் இதற்கு இன்றைய மேடை வடிவம் கொடுத்தார்கள். மற்றொன்று வீடு. கல்யாணத்திலும் உறவுக்காரர் கூடும் நாளிலும் அம்மாவும் அத்தைகளும் ஆடுவதைப் பார்த்தே அங்கே பெண்பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். அதற்குக் கட்டணம் கட்டி வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. ஆகவே ஹாலில் சோபாவை ஒதுக்கிவிட்டு ஆடப்போகும் நீங்கள் இந்த நடனத்தைத் தவறான இடத்துக்குக் கொண்டுவரவில்லை. 1949-இல் வந்த 'அஃப்ரீதா ஹானிம்' படத்தில் சாமியா கமாலை அம்மாவோடு சேர்ந்து பாருங்கள். மிச்சத்தை நான் பேசிக்கொள்கிறேன். தஹியாவின் பழைய காட்சிகளையும் தேடிப் பாருங்கள். அதிகம் நகராமல், சிறிய இடத்துக்குள்ளேயே ஆடுவதற்குப் பெயர்பெற்றவர் அவர். நம் ஹாலின் அளவுக்குச் சாமியாவைவிட அவரே பொருத்தமான குரு.

கெய்ரோவில் இருக்கும் ஆசிரியரையே தேர்ந்தெடுத்தால் நேரத்தைக் கவனியுங்கள். அங்கே மாலை ஏழு மணி வகுப்பு குளிர்காலத்தில் நமக்கு இரவு 10.30. 2023 முதல் எகிப்து மீண்டும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால், ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிவரை அதுவே 9.30 ஆகிவிடும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை வகுப்பு கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பாதம் தெரியும்படி கேமராவைத் திருப்பச் சொல்லி, முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசுகிற ஆசிரியரிடம் சேருங்கள். "நான் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்பவராக இருந்தால், எவ்வளவு நன்றாக ஆடினாலும், வேறொருவரைத் தேடுவோம். அந்த வகுப்பு எப்படிப் போனது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்