கொல்லைக் கொட்டகையும் கத்திரி வெயிலும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்து இருபது நாளாகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கத்திரி. மத்தியானம் எழுத உட்கார்ந்தால் காகிதம் முழங்கையோடு ஒட்டிக்கொண்டு எழுந்து வருகிறது. நேற்றுச் சாயங்காலம் புதுவயல் பக்கம் இடித்து, இங்கே நாலு தூறல் போட்டது. அந்த ஈரம் காய்வதற்குள் எழுதிவிடுகிறேன்.

பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். குழந்தை தொட்டிலில், தாத்தா மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு வெல்டிங் மெஷினோடு என்று எழுதியிருந்தாய். படித்துக்காட்டினேன், என் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். சூடு தாங்கவில்லை, ஒரு டன் ஏசி போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் பொறு. நான் இரண்டு வருஷம் இந்தச் சூட்டோடு மல்லுக்கட்டி, காசையும் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணு.

என் கொட்டகை உனக்குத் தெரியும். கொல்லைக் கிணற்றுக்கு மேற்கே, பழைய மாட்டுத் தொழுவம். 12 அடிக்கு 16 அடி. சுவர் செம்புறாங்கல், மேலே அப்பா காலத்தில் போட்ட சிமென்ட் அட்டை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் போனால், இடித்த வீடுகளின் பர்மாத் தேக்குச் சட்டமும் கதவும் விற்பனைக்குக் கிடக்கும். அதில் துண்டு துக்கடாவாக வாங்கி வந்து முக்காலி, அலமாரி என்று ஏதாவது செய்துகொண்டிருக்கிறேன். அறுக்கிற மெஷின் ஒன்று, இழைக்கிற மெஷின் ஒன்று. மற்றதெல்லாம் கைச்சாமான்.

முதல் வருஷம் சித்திரையில், உன்னைப்போலவே அவசரப்பட்டு, 8,000 ரூபாய்க்கு ஒரு ஏர்கூலர் வாங்கினேன். ஏசி ஞாபகத்தில் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஓடவிட்டேன். அரைமணி நேரம் சொர்க்கம். அப்புறம் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி. கூலர் என்பது தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றின் சூட்டை எடுக்கிறது. அந்த ஈரக்காற்று வெளியே போக வழியில்லை என்றால் உள்ளேயே தேங்கி, நம் வேர்வையும் காயாது. ஜன்னலைத் திறந்து வைத்தபோது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் மரத்தூள் நேரே போய், கூலரில் தண்ணீர் ஊறுகிற தேன்கூட்டு அட்டையில் ஒட்டிக்கொண்டது. பத்தே நாளில் புளித்த மாவு வாடை. உளிகளெல்லாம் செம்மண் நிறத்துக்குத் துருவேறிவிட்டன. அளவெடுத்துச் செய்த இழுப்பறை ஊதிக்கொண்டு இழுக்க வரவில்லை. இப்போது அந்தக் கூலர் எங்கள் மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் மரியாதையாக ஓடிக்கொண்டிருக்கிறது. கூலர் மேல் தப்பில்லை, தூசும் இரும்பும் இருக்கிற இடம் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

அதற்குப் பிறகுதான் ஒருநாள் நிதானமாக யோசித்தேன். வெயில் நேரத்தில் வேலைமேசை முன்னால் நின்று கையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பார்த்தேன். அடுப்புக்கு மேல் நீட்டின மாதிரி இருந்தது. காற்றை விட அந்தக் கூரை அட்டைதான் நம்மைச் சுடுகிறது. வெயிலைக் குடித்துக் கொதித்துப்போய், அந்தச் சூட்டை நம் தலைமேலும் முதுகுமேலும் பொழிகிறது. அதன் கீழே என்ன விசிறி போட்டு என்ன? சீலிங் ஃபேன் மேலே தேங்கின அனலை அள்ளிக் கீழே ஊற்றியது, தரையில் படிந்த தூசையும் கிளப்பிவிட்டது. அதைக் கழற்றிவிட்டேன்.

கூரையை மூன்று விதமாகக் கவனித்தேன். முதலில் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல்நாள் ராத்திரியே நீற்றி, வேட்டித் துணியில் வடிகட்டி, கொஞ்சம் வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றினேன். பிடிப்பு வேண்டுமே. தென்னை மட்டையைத் தட்டிச் செய்த மட்டைக் குச்சியால் மேலே இரண்டு கை. சாமானும் கூலியும் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. அடித்த மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். முந்தின வாரம் உள்ளே 42 டிகிரி காட்டியது, அன்றைக்கு 38. வெளியே இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே வெயில். என்னாலேயே நம்ப முடியவில்லை. ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடும், பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். போகட்டும், மார்கழியில் யாருக்கு வேண்டும் குளிர்ச்சி?

இதில் ஒரு எச்சரிக்கை. பழைய சிமென்ட் அட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். பாசியை எடுக்கிறேன் என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் அந்த நார் பறந்து நெஞ்சுக்குள் போய்விடும். நன்றாக நனைத்து, தென்னந்துடைப்பத்தால் மெள்ளத் தள்ளினாலே போதும். அட்டைமேல் நேராகக் கால் வைக்காதே, கைமரத்துக்குக் கைமரம் பலகை போட்டு அதன்மேல் நில். எங்கள் தெருவில் ஒருவர் அட்டையோடு கீழே வந்தார். உன்னுடையது தகரம் என்பதால் சுண்ணாம்பு வேண்டாம், உரிந்து வந்துவிடும். வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைக் கூரைப் பெயின்ட் வருகிறது, அதை அடி. சுண்ணாம்பில் உப்பு கலந்தால் வெள்ளை நிற்கும் என்று எவனாவது யோசனை சொல்வான். தகரத்தில் உப்பு போட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, நாற்றங்காலுக்குப் போடுகிற பச்சை வலை. கூரைக்கு ஒரு அடி மேலே சவுக்குக் கம்பு நட்டு, மேற்குப் பாதிக்கு மட்டும் கட்டினேன். அந்த ஒரு அடி இடைவெளிதான் முக்கியம். வலை சூடானாலும் நடுவில் காற்று ஓடி அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். அட்டையோடு ஒட்டிப் போட்டால் பாதிப் பலன்கூட இல்லை. நன்றாகத்தான் இருந்தது, ஆடி பிறக்கும் வரை. அம்மியையே தூக்குகிற காற்றுக்கு வலை எம்மாத்திரம்? பக்கத்து வீட்டு முருங்கையில் போய்ச் சிக்கிக்கொண்டு, அந்த ஆச்சியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. இப்போது ஆனி கடைசியிலேயே அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிடுகிறேன். மூன்றாவது, மேற்குச் சுவரை ஒட்டி ஒரு புங்கங்கன்று. அது நிழல் தர இன்னும் நாலைந்து வருஷம் ஆகும். நான் இருந்தால் பார்ப்பேன்.

கூரையை அடக்கின பிறகுதான் விசிறி. மேற்குச் சுவரின் உச்சியில், கூரைக் கூம்புக்குக் கீழே, 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன். மணிக்கு ஆயிரத்துச் சொச்சம் கன மீட்டர் காற்றைத் தள்ளும் என்று பெட்டியில் போட்டிருந்தது. கணக்குப் போட்டால் என் கொட்டகைக் காற்று மூன்று நிமிடத்துக்கு ஒருதரம் மாறிவிட வேண்டும். மாறவில்லை. ஏன் தெரியுமா? கதவும் அதே மேற்குச் சுவரில். திறந்த கதவு வழியாக வந்த காற்று அப்படியே மேலே ஏறி விசிறி வழியாகப் போய்விட்டது, நான் நிற்கிற மூலைக்கு வரவே இல்லை. பாலிடெக்னிக்கில் நமக்கு இதைப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், நீயும் நானும் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தோம். பிறகு கதவைச் சாத்திவிட்டு, எதிரே கிழக்குச் சுவரில் தரையை ஒட்டி இரண்டுக்கு மூன்று அடியில் ஒரு திறப்பு வெட்டினேன். அந்தப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் வேப்பமர நிழல். நிழலில் கிடந்த காற்று கீழே நுழைந்து, என் முதுகைத் தொட்டு, சூடும் தூசுமாக மேலே போகிறது.

ஆனால் அந்தத் திறப்பு வழியே செம்மண் புழுதியும் வந்தது. பழைய வேட்டியை இரண்டாக மடித்துச் சட்டத்தில் கட்டினேன். விசிறி மூச்சு முட்டி உறும ஆரம்பித்துவிட்டது. ஒற்றைத் துணியாக்கி, திறப்பை இன்னொரு மடங்கு அகலப்படுத்தின பிறகுதான் சரியானது. வாரம் ஒருமுறை துணியை அலசிப் போடுகிறேன். அலசும் தண்ணீரைப் பார்த்தால், இத்தனை நாள் இதையா மூச்சில் இழுத்தோம் என்று பயமாக இருக்கிறது.

மேசைக்குப் பக்கத்தில் சுவர் விசிறி ஒன்று, பி.எல்.டி.சி. வகை. பழைய விசிறி 75 வாட் எடுக்கும், இது முப்பதைச் சுற்றித்தான். அதன் முகத்தை எக்ஸாஸ்ட் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன், தூசு என்னைத் தாண்டிப் போகட்டும் என்று. ஒன்று சொல்கிறேன், கண்ணுக்குத் தெரிகிற மரத்தூள் கீழே விழுந்துவிடும், தெரியாத மாவுத் தூசுதான் மணிக்கணக்கில் மிதக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இருக்கிற புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. 2017-இல் வெல்டிங் புகையையும் அதே வரிசையில் சேர்த்துவிட்டார்கள். இதைத்தான் உனக்கு அழுத்திச் சொல்ல நினைத்தேன். ஏசி போட்டால் கதவைச் சாத்துவாய். சாத்தின அறைக்குள் வெல்டிங் வைத்தால் அந்தப் புகையைத் திரும்பத் திரும்ப நீதான் குடிப்பாய். காசுக் கணக்கும் பார். ஒரு டன் ஏசி, சுடுகிற தகரத்தின் கீழே நிற்காமல் ஓடும், மணிக்கு ஒரு யூனிட் என்று வை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 360 யூனிட் அதற்கே போய்விடும். வீட்டுச் செலவோடு சேர்ந்து 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு.

கீற்று வேய்ந்தால் குளுகுளு என்று இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பொறி பறக்கிற இடத்தில் கீற்றும் வேண்டாம், தெர்மாகோல் ஒட்டுகிற வேலையும் வேண்டாம். தெர்மாகோல் பற்றினால் உருகிச் சொட்டும்.

இத்தனையும் செய்தும், பெரிய வீட்டுக்குள் போய், முற்றத்தைச் சுற்றின வளவில் நின்றால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. போன வாரம் கொட்டகையில் 37 காட்டிய அதே நேரம் வளவு ஓரத்துத் தூண் நிழலில் 33. எந்த விசிறியும் ஓடவில்லை. இரண்டடிச் சுவர், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின நாட்டு ஓடு, அந்த அடுக்குகளுக்கு இடையே காற்று, நடுவில் சூடு மேலேறிப் போக வானத்தைப் பார்த்த முற்றம். நான் வலை கட்டி, துளை போட்டுக் கண்டுபிடித்ததெல்லாம் ஐயா காலத்திலேயே கட்டி வைத்துவிட்டார்கள். அங்கேயே வேலை செய்யலாமே என்பாய். ஆத்தங்குடிக் கல் தரையில் மெஷினை இறக்கினால் முதலில் வீட்டுக்காரி, அப்புறம் பங்காளிகள் நாலு பேரும் வரிசையில் வருவார்கள்.

அதனால் ஒரு உடன்படிக்கை. மெஷின் வேலை காலையில் ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை, கொட்டகையில். அட்டைக் கூரைக்கு ஒரு நல்ல குணம், ராத்திரியில் சீக்கிரம் ஆறிவிடும், விடிகாலையில் சில்லென்று இருக்கும். ஒன்பதரைக்கு மேல் உளி, அரம், உப்புத்தாள் வேலைகளை முகப்புத் திண்ணைக்கு எடுத்து வந்துவிடுவேன், கீழே ஒரு சாக்கை விரித்துக்கொண்டு. பதினோரு மணிக்கு நீர்மோர் வரும். சில நாள் வராது, அன்றைக்கு நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

உன் மாடி அளவையும், எந்தத் திசையில் திறப்பு இருக்கிறது என்பதையும் ஒரு படம் போட்டு அனுப்பு. எக்ஸாஸ்ட் எங்கே வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே? பேத்தியைத் தூக்கிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்கு வருவதாக இருந்தால் ஆவணிக்கு மேல் வா, வெயில் தணிந்திருக்கும். வரும்போது என்னிடம் வாங்கிப் போன முக்கால் அங்குல உளியை மறக்காமல் எடுத்து வா. பதினோரு வருஷம் ஆகிறது, நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரன்