இன்ஜினைப் பிரிக்காதே, முதலில் மூச்சைப் பார்

அன்புள்ள நண்பா,

உன் விமானத்தில் மாட்டிய ரோட்டரி இன்ஜின் முழுச் சுற்று வராமல் நிற்கிறது என்று நீ எழுதிய கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். நீ அனுப்பிய எண்களை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது என்று தோன்றியதால் தள்ளிப்போட்டேன். நேற்று இரவு அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இங்கே எல்லோரும் சுகம். மகள் படிப்பை முடித்துவிட்டாள். போன மாதம் முதல் தடவையாக என்னோடு பின் இருக்கையில் பறந்தாள். ஏறும்போது பேசவே இல்லை, மேலே போய் நேராகப் பறக்க ஆரம்பித்ததும், "அப்பா, இது நீங்க செஞ்சதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பன்னிரண்டு வருட வேலைக்கு அது போதும் எனக்கு.

சரி, உன் இன்ஜினுக்கு வருகிறேன். அபெக்ஸ் சீல், அதாவது பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டரின் முனைகளில் அழுத்தம் கசியாமல் அடைக்கும் பட்டை, போயிருக்கும், பிரித்துப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து பிரிக்காதே. சீல் தேய்ந்த ரோட்டரி முதலில் காட்டிக்கொடுப்பது சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆவதில்தான். உன்னுடையது பறந்து இறங்கிய கையோடு திரும்பத் தொட்டாலே பிடித்துக்கொள்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஒரு ரோட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுக் கேள். ரோட்டருக்கு மூன்று முகம், ஆகவே புஸ், புஸ், புஸ் என்று மூன்றும் ஒரே அளவில் வரவேண்டும். ஒரு சீல் உடைந்திருந்தால் அடுத்தடுத்த இரண்டு முகங்கள் சோர்ந்துபோய் அந்தத் தாளம் குலையும். நாம் இரண்டு பேரும் அட்டையில் ரோட்டர் வெட்டி, நடுவில் பென்சில் செருகி, தரையில் உருட்டிப் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்போது என் கதை. போன வருடம் எனக்கும் இதேதான் நடந்தது, நான் உனக்கு எழுதவில்லை. விமானத்தைக் கட்டிவைத்து, நின்ற இடத்தில் முழு த்ராட்டில் கொடுத்தால் நிமிடத்துக்கு 5,750 சுற்று வரும். அது சில வாரங்களில் மெதுவாக 5,250 ஆகிவிட்டது. ஐந்நூறு சுற்றுதானே, வெயில் காலம், காற்று லேசாக இருக்கிறது என்று முதலில் விட்டுவிட்டேன். அப்படி விடக் கூடாது. பிட்ச் (இதழின் சாய்வு) மாறாத புரொப்பெல்லரைச் சுற்ற ஆகும் சக்தி, சுற்றின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 5,250-ஐ 5,750-ஆல் வகுத்து, வந்ததை மூன்று தடவை பெருக்கிப் பார்: 0.76. அதாவது என் இன்ஜினின் சக்தியில் கிட்டத்தட்ட கால் பங்கு காணாமல் போயிருந்தது. மீட்டரில் முள் நகர்ந்ததோ ஒரு விரல் அகலம்.

உன் கணக்கையும் போட்டேன். 5,600 வரவேண்டியது 5,200 வருகிறது. அதே கணக்கில் சக்தி எண்பது சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு காணவில்லை. நீ, "கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். அது சோம்பல் இல்லையப்பா.

என் விமானத்தில் மேனிஃபோல்ட் பிரஷர், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் அழுத்தம், சரியாகவே இருந்தது. வெளிக்காற்று 29.8 அங்குலம் (பாதரச அளவில்), முழு த்ராட்டிலில் 29.3. அப்படியானால் ஃபில்டர் அடைப்பில்லை, த்ராட்டில் முழுசாகத் திறக்கிறது, காற்றுக் குழாய் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஆனால் ஆக்ஸிஜன் சென்சாரில் கலவை, அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்குப் போகும் காற்றின் பங்கு, 10.8. வழக்கமாக 12.6-இல் ஓட்டுவேன். ஏகப்பட்ட பெட்ரோல் போகிறது என்று முடிவுகட்டி, மூன்று வாரம் எரிபொருள் பக்கமே கிடந்தேன். பிரஷர் ரெகுலேட்டரை மாற்றினேன். நாலு இன்ஜெக்டரையும் கழற்றிச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஊற்றுகிறது என்று அளவுக் குடுவையில் பிடித்துப் பார்த்தேன். சென்சாரையே புதிதாக மாற்றினேன். கடைசியில் கலவையை நானே குறைத்து 12.6-க்குக் கொண்டுவந்தேன். சுற்று அதே 5,250. நன்றாக இருந்த நாட்களில் மணிக்கு 50 லிட்டர் குடித்த இன்ஜின் இப்போது 39 லிட்டர் குடித்தது, அவ்வளவுதான்.

அந்த 39-தான் என்னை நிறுத்தியது. சரியான கலவையில் ஓடும் இன்ஜின் கால் பங்கு குறைவாகப் பெட்ரோல் கேட்கிறது என்றால், அது இழுக்கும் காற்றும் கால் பங்கு குறைந்திருக்கிறது. பெட்ரோல் அதிகமாகவில்லை, காற்றுதான் குறைந்திருக்கிறது. நம் இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் காற்றை நேரடியாக அளக்கத் தெரியாது. மேனிஃபோல்ட் பிரஷரையும் சுற்றையும் பார்த்து, இவ்வளவு காற்று போயிருக்கும் என்று அனுமானித்து அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுக்கிறது. பிரஷர் சென்சாரைத் தாண்டி எங்காவது அடைப்பு இருந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. சென்சாரில் 29 அங்குலம் இருக்கும், ஆனால் இன்ஜினுக்குள் அவ்வளவு காற்று போகாது. பெட்ரோல் மட்டும் பழைய கணக்கில் வரும்.

உள்ளே போகாததற்கு வெளியே போகாததும் ஒரு காரணம். எக்ஸாஸ்டில் இருந்த ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் நீளமான செப்புக் குழாய் ஒன்றைத் திருகி, மறுமுனையில் பிரஷர் கேஜ் மாட்டினேன். இரண்டு பிஎஸ்ஐக்குள் இருந்தால் கவலையில்லை. முழு த்ராட்டிலில் ஆறைத் தொட்டது. சைலன்சரைக் கழற்றி மேஜையில் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினேன், உள்ளே கலகலவென்று ஏதோ ஆடியது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால், உள்ளே இருந்த துளையிட்ட குழாய் வெல்டிங்கில் விட்டுப்போய், கிழிந்து, தட்டையாகி, வெளிவாயின் மேல் மூடி மாதிரிப் படுத்திருந்தது. ஒரு ஓரத்தை விரலால் நெம்பினேன், அப்பளம் போல ஒடிந்து கையில் வந்துவிட்டது. வெளியே பார்த்தால் கீறல்கூட இல்லாத சைலன்சர்.

ரோட்டரியின் எக்ஸாஸ்ட் கொடுமையானது. வால்வு மெதுவாகத் தூக்கி வழிவிடுவது போல அதில் இல்லை. சீல் போர்ட்டின் (புகை வெளியேறும் துளையின்) விளிம்பைத் தாண்டிய அந்த நொடியே மொத்த அழுத்தமும் வெடித்துக்கொண்டு வெளியேறும். 900 டிகிரிக்கு மேல் சூடு, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்த அடி விழும். சாதாரண ஸ்டீல் தகடு எத்தனை நாள் தாங்கும்? சைலன்சர் இல்லாமல், காதை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். 5,750. கண் கலங்கிவிட்டது. இப்போது சூடு தாங்கும் நிக்கல் கலப்பு உலோகமான இன்கோனலின் தடித்த தகட்டில் புதிதாகச் செய்து போட்டிருக்கிறேன். ஒவ்வொரு 25 மணிக்கும் கழற்றித் தட்டிப் பார்க்கிறேன்.

உன் விமானத்தில் சைலன்சரே இல்லை, நேர் குழாய்தான், தெரியும். ஆனால் உன் எண்கள் என்னுடையவை போலவே இருக்கின்றன. பிரஷர் சரி, கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்), சுற்று குறைவு. இதே இன்ஜின் வைத்திருக்கும் உன் பக்கத்து ஹேங்கர்காரரின் மேப்பை (கம்ப்யூட்டரின் பெட்ரோல் அட்டவணையை) அப்படியே ஏற்றியிருக்கிறாய், அவருக்குச் சரியாக வருவது உனக்கு ரிச்சாக வருகிறது. புரொப்பெல்லர் பிட்ச் அதிகமாகிவிட்டதோ என்று நீ கேட்டதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பிட்ச் அதிகமென்றால் சுற்று குறையும், ஆனால் அந்தச் சுற்றில் கலவை சரியாகவே இருக்கும்.

இக்னிஷனையும் ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு ரோட்டருக்கும் லீடிங், ட்ரெயிலிங் என்று இரண்டு பிளக். லீடிங்கை அணைத்தால் 300 சுற்று, ட்ரெயிலிங்கை அணைத்தால் 50 சுற்று இறங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். ரோட்டரியில் அது அப்படித்தான் இருக்கவேண்டும். பெரும்பாலான வேலையைச் செய்வது லீடிங். ட்ரெயிலிங் ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றிச் செருகியிருந்தால் ட்ரெயிலிங்கை அணைத்ததும் இன்ஜின் தெளிந்து ஓடும். காரில் மேலே இருக்கும் பிளக் ட்ரெயிலிங், கீழே இருப்பது லீடிங். நாம் இன்ஜினைத் திருப்பி மாட்டுவதால் மேலும் கீழும் குழம்பிவிடும், அதனால்தான் சொன்னேன்.

உன் கடிதத்தில் இரண்டு வரிகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஒன்று, "4,000 வரை கலவை அழகாக இருக்கிறது, அதற்கு மேல்தான் ரிச்." இன்னொன்று, மூன்றாம் பக்கத்தில் எடை குறைத்ததைச் சொல்லும்போது, "போர்ட் ஆக்சுவேட்டர்களையும் தூக்கிப் போட்டுவிட்டேன்."

உன்னுடையது 1986 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் வந்த, காற்று நுழைய ஆறு போர்ட் உள்ள 13பி இன்ஜின். 6,500 சுற்றில் 146 குதிரைத்திறன் என்று மாஸ்டா சொன்னது அந்த ஆறு போர்ட்டும் திறந்திருக்கும்போதுதான். முன் தகட்டிலும் பின் தகட்டிலும் ஒவ்வொரு கூடுதல் போர்ட், ஒவ்வொன்றுக்குள்ளும் சுழலக்கூடிய ஒரு ஸ்லீவ் (குழாய் மாதிரி உறை). மெதுவாக ஓடும்போது அது மூடியிருக்கும், 4,000 சுற்றை நெருங்கும்போது எக்ஸாஸ்ட் அழுத்தத்தால் ஆக்சுவேட்டர் அதைத் திருப்பித் திறந்துவிடும். நீ ஆக்சுவேட்டரைக் கழற்றிவிட்டாய், ஸ்லீவை என்ன செய்தாய்? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பிடிப்பு இல்லாத ஸ்லீவ் அதிர்வில் எந்தப் பக்கமும் திரும்பி நிற்கும். மூடி நின்றால் 4,000 வரை இன்ஜினுக்கு எந்தக் குறையும் தெரியாது. அதற்கு மேல் மூச்சு முட்டும். பிரஷர் சென்சார் அதற்கு முன்னாலேயே இருப்பதால் 29 அங்குலம் என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

ஆகவே இன்டேக் மேனிஃபோல்டை மட்டும் இறக்கிவிட்டு, டார்ச் அடித்து இரண்டு கூடுதல் போர்ட்டையும் பார். ஸ்லீவின் வாய் போர்ட்டுக்கு நேராக இருக்கிறதா, திரும்பியிருக்கிறதா? அது திரும்பியிருக்கும் என்றுதான் என் மனம் சொல்கிறது. அப்படியென்றால் திறந்த நிலையில் அசையவே முடியாதபடி பூட்டிவிடு. லேசாக ஆடும் எந்தத் துண்டையும் உள்ளே விட்டுவிடாதே, அது ரோட்டருக்குள் போனால் நீ பயப்படும் அபெக்ஸ் சீல் அன்றைக்கு நிஜமாகவே போய்விடும்.

அதற்கு முன் அரை மணி நேரத்தில் முடியக்கூடிய ஒரு வேலை. பேனல் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று தெரிய, கையில் பிடிக்கும் ஆப்டிகல் டாக்கோமீட்டரால் (சுற்றை அளக்கும் கருவியால்) புரொப்பெல்லரை அள. உன் கியர்பாக்ஸ் இன்ஜின் சுற்றை 2.17-ஆல் வகுத்துக் குறைக்கிறது. பேனலில் 5,200 என்றால் புரொப்பெல்லரில் 2,396 வரவேண்டும். ஹேங்கருக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் அளக்காதே, பகல் வெளிச்சத்தில் அள. இன்னொன்று, கௌலிங்குக்குள் (இன்ஜின் மூடிக்குள்) இருந்து சூடான காற்றை இழுக்கிறாயா என்றும் பார்த்துவிடு. 30 டிகிரிக்குப் பதில் 60 டிகிரிக் காற்று என்றால் அடர்த்தியில் ஒன்பது சதவீதம் போய்விடும்.

இதெல்லாம் முடியும்வரை நீ பறக்கக் கூடாது. போன ஞாயிறு ஒரு சுற்று போய்வந்தேன் என்று நீ சாதாரணமாக எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. என் சைலன்சர் உடைந்திருந்த நாட்களில் நானும் ஒரு தடவை அப்படிக் கிளம்பினேன். ஓடுபாதையில் பாதி தூரம் போவதற்குள், மேலெழும் வேகத்தில் எழுபது சதவீதம் வராவிட்டால் த்ராட்டிலை இழுத்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அறுபதுகூட வரவில்லை. ஆனாலும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இரண்டு நொடி காத்திருந்தேன். பிறகுதான் இழுத்தேன், பிரேக்கில் ஏறி நின்று நிறுத்தினேன். புல் விளிம்புக்கு முப்பது அடி மிச்சம். அந்த இரண்டு நொடி இன்னும் தூக்கத்தில் வருகிறது. உனக்கு அது வேண்டாம்.

நின்ற இடத்தில் ஓட்டிப் பார்க்கும்போதும் வாலைத் தரையில் நன்றாகக் கட்டு, சக்கரத்துக்குக் கட்டை வை, உள்ளே ஒருவர் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருக்கட்டும். தனியாகச் செய்யாதே. தம்பியைக் கூப்பிட்டுக்கொள்.

மேனிஃபோல்டை இறக்கிய அன்றைக்கே இரண்டு போர்ட்டையும் படமெடுத்து அனுப்பு. ஸ்லீவ் திறந்தே இருந்தாலும் சொல். அப்படியென்றால் நான் நினைத்தது தப்பு, உட்கார்ந்து மறுபடி கணக்குப் போடுவேன். என் செப்புக் குழாயும் கேஜும் இங்கே சும்மாதான் தொங்குகின்றன, வேண்டுமென்றால் அடுத்த பார்சலில் வைத்து அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்