செயலாளரின் ஆண்டறிக்கை: வேலைக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்காக

அக்காமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். மாதக் கூட்டம் இந்த வருஷம் தவறாமல் நடந்தது, வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார். நம்மை அதிகம் அலையவைத்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

மண்டபம், பாம்பன் பக்கம் யாரும் ‘உன்னை வேலையை விட்டு நீக்கிவிட்டோம்’ என்று எழுதிக் கொடுப்பதில்லை. வயிறு தெரிந்ததும் ‘பிள்ளை பெத்துட்டு வாம்மா’ என்று பாசமாகச் சொல்லி அனுப்புகிறார்கள், திரும்பிப் போனால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கிறது.

நம் தங்கச்சி ஒருத்தி நண்டு கம்பெனியில் சதை எடுக்கிறவள். முதல் பிள்ளை, எட்டாம் மாதம். நாள் முழுக்க ஈரத் தரையில் நின்று கால் வீங்கிப்போய் உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள், மறுநாளே வர வேண்டாம் என்றார்கள். பிரசவத் தேதிக்கு முந்தின ஆறு வாரம் இருக்கிறதல்லவா, அதற்கும் முந்தின ஒரு மாதத்தில் அவளே கேட்டால் நெடுநேரம் நிற்கும் வேலை கொடுக்கவே கூடாது. 1961 மகப்பேறு பயன் சட்டம் சொன்னது இது, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது.

நாங்கள் போய்க் கேட்டபோது, ‘அவள் கான்ட்ராக்ட் ஆள், கிலோ கூலி’ என்றார்கள். கான்ட்ராக்ட் என்றாலும் உரிமை உண்டு, பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், முதல் இரண்டு பிள்ளைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. ஆனால் கம்பெனி வருகைப் பதிவேட்டில் பாதி நாள் அவள் பெயரே இல்லை! அப்புறம் அவள் வீட்டுச் சுவரில் தொங்கின காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைக்கு எடுத்த கிலோ, 4½, 5, 3¾ என்று பென்சிலில் எழுதியிருந்தாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலக் கட்டங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. எண்ணிப் பார்த்தோம், 117 நாள். அந்தக் காலண்டரோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்த பிறகுதான் பாதிப் பணம் வந்தது. மீதிக்கு மனு நிலுவையில் இருக்கிறது, விடப்போவதில்லை.

இன்னொருத்திக்கு நம்மால் உதவ முடியவில்லை, அது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. நீக்கினால் 60 நாளுக்குள் அப்பீல் செய்ய வேண்டும், அவள் நம்மிடம் வந்தபோது நாலு மாதம் ஆகிவிட்டது. வெட்கப்பட்டு வீட்டோடு இருந்திருக்கிறாள். கரு கலைந்தவர்களுக்கும் ஆறு வாரம் சம்பள விடுப்பு உண்டு என்பதும் பலருக்குத் தெரியவில்லை.

கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறவர்களுக்கு முதலாளி யாரும் இல்லை, அதனால் இந்தச் சட்டம் எட்டாது. அவர்கள் அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்குச் சீக்கிரமே கிராம செவிலியரிடம் பதிந்துகொள்ளுங்கள், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது: கம்பெனிக்குப் போகும் எல்லாருக்கும் சங்கச் செலவில் ஒரு காலண்டரும் பென்சிலும். வாங்கி வைத்தாயிற்று, போகும்போது வாசலில் எடுத்துக்கொள்ளுங்கள்.