கான்ஃபிக் ஃபைல் பற்றி நீ கேட்டது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, உன் கருவிக்கு வருகிறேன். சர்வர்களுக்குப் பேட்ச் போட (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை ஏற்ற) நீ எழுதும் கருவியில் கான்ஃபிக் ஃபைலை, அதாவது செட்டிங்குகளை எழுதிவைக்கும் ஃபைலை, எப்படி அமைப்பது என்று கேட்டிருந்தாய். டெபியன் என்ற லினக்ஸ் வகையில், புதுப்பிப்புகளைத் தானாகவே நிறுவும் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' கருவி எப்படிச் செய்கிறது என்று பார். ஒரு டைரக்டரியில் இருக்கும் ஃபைல்களைப் பெயர் வரிசையில் படிக்கும். அந்தக் கருவியோடு வரும் ஃபைலின் பெயர் 50 என்று தொடங்கும். அதைத் தொடாமல், 52 என்று தொடங்கும் சொந்த ஃபைலில் நமக்கு வேண்டிய இரண்டு வரியை மட்டும் எழுதலாம். புதிய பதிப்பு வரும்போது, 'பழையதை வைக்கவா, புதியதைப் போடவா' என்ற கேள்விக்கே இடமில்லை. இதை அப்படியே எடுத்துக்கொள்.

ஆனால் செட்டிங் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் அந்த டெபியன் கருவி வாயே திறக்காது. தானாக ரீபூட் ஆகும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கும். அதை இயக்கும் வரியில் எழுத்துப்பிழை இருந்தால், புதிய கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிஸ்கில் இறங்கிவிடும். ரீபூட் ஆகாததால் ஓடுவதோ ஓட்டையுள்ள பழைய கர்னல். பேட்ச் ஆகிவிட்டது என்று நம்பி ஒருவர் தூங்கப் போவார். பாதுகாப்புக்கான கருவி இப்படி மௌனமாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தெரியாத பெயரைக் கண்டால் உன் கருவி அங்கேயே நின்று, வரி எண்ணைச் சொல்லி, அதற்கு நெருங்கிய சரியான பெயரையும் காட்டட்டும்.

ஒரே செட்டிங்குக்குப் பல மதிப்புகள் தரும் பட்டியல்களிலும் கவனம் தேவை. டெபியனில் பின்னால் வரும் ஃபைலின் பட்டியல் முந்தையதோடு சேர்ந்துகொள்ளும், அதை மாற்றாது. பழையதை நீக்கத் தனிக் கட்டளை வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இது தெரியாது. அதனால் எல்லா ஃபைல்களையும் படித்த பிறகு கடைசியில் நிற்கும் மதிப்பு என்ன, அது எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று காட்டும் ஒரு கட்டளை கட்டாயம் வை.

கான்ஃபிக் ஃபைலை எழுத யாம்ல் (YAML) என்ற வடிவம் வேண்டாம் என்பேன். மேற்கோள்குறி இல்லாமல் 1.10 என்று எழுதினால் அதை எண்ணாக எடுத்து 1.1 ஆக்கிவிடும். பதிப்பு எண்ணை வைத்தே வேலை செய்யும் கருவிக்கு அது ஆபத்து.

மாதிரி ஃபைல் தயாரானதும் அனுப்பு. இங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுதுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்