அம்மாவின் கொடிக்கம்பியும் உன் ஐந்து ஏக்கரும்

வெள்ளவத்தை,
செப்டெம்பர் 14

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோ பரவாயில்லை. கனடாவில் உன் ஐந்து ஏக்கர் காணியில், தூரத்து றேடியோ கேட்க ஏரியல் கம்பி எப்படி இழுப்பது என்று நேற்றுப் போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் நின்றா, மருமகனின் இருமலைப் பற்றி விசாரிக்க அவசரப்பட்டா. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மொட்டைமாடிக் கொடி வெறும் உடுப்புக் கொடியா, ஏரியலா என்றும் கேட்டாய். இரண்டும்தான். 23 மீட்டர், பிளாஸ்ரிக் உறை போட்ட சாதாரணச் செப்புக் கம்பி. தண்ணீர்த் தாங்கிக் காலில் ஒரு முனை, படிக்கட்டுக் கூரையில் மறுமுனை. 1996இல் கொழும்பில் ஒரு தமிழன் மாடியில் கம்பி இழுத்துவிட்டு, ‘தூரத்து றேடியோ கேட்கிறேன்’ என்று யாரிடம் சொல்ல முடியும்? அதனால் அதை உடுப்புக் காயப்போடும் கொடியாக்கினேன். சுவரோரமாக இன்னொரு மெல்லிய கம்பி யன்னல் வழியே இறங்கி, றேடியோவைச் சுற்றி ஐந்தாறு சுற்றுச் சுற்றி, குசினிக் குழாயில் முடியும். எதிலும் பொருத்த வேண்டாம். றேடியோவின் உள்ளே அலையைப் பிடிக்க இருக்கும் பெரைற் என்ற காந்தப் பொருள் தண்டு அந்தச் சுற்றில் இருந்தே சத்தத்தை எடுத்துக்கொள்ளும். யாராவது படியேறும் சத்தம் கேட்டால் சுற்றைக் கழற்றிவிடுவேன், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒருமுறை சோதனைக்கு வந்தவர்களில் ஒருவர் மாடியில் கொடியைப் பிடித்து இழுத்தே பார்த்தார். அம்மாவின் ஈரச் சேலையிலிருந்து தண்ணீர் அவர் சப்பாத்தில் சொட்டியது. கையை உதறிவிட்டுப் போய்விட்டார். உனக்கு அப்போது நாலு வயது, என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாய்.

சேலை ஈரமாக இருந்தால் றேடியோ கேட்காது என்று நான் அம்மாவுடன் பிடித்த சண்டையெல்லாம் வீண். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இதை அவவுக்குச் சொல்லாதே.

சரி, விஷயத்துக்கு வருவோம். கடையில் ‘லோங் வயர்’, அதாவது நீளக் கம்பி ஏரியல், என்று விற்பதெல்லாம் உண்மையில் லோங் வயர் இல்லை. ஓர் அலைநீளமாவது இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். பொழுதுபோக்காக றேடியோவில் பேசிக்கொள்ளும் அமெச்சூர்காரருக்குக் கொடுத்திருக்கிற அலைப் பட்டைகளில் ஆகக் கீழே இருப்பது 136 கிலோ ஹேர்ட்ஸ். அங்கே ஓர் அலை 2200 மீட்டர். வெள்ளவத்தை ஸ்ரேஷனில் கம்பியைக் கட்டினால் பம்பலப்பிட்டிக்குக் கிட்டப் போய்விடும். அடுத்தது 472 முதல் 479 வரை, அதற்கும் 630 மீட்டர். ஆனால் பயப்படாதே. பேசுவதற்குத்தான் பெரிய கம்பி வேண்டும், கேட்பதற்கு அவ்வளவு வேண்டாம். இந்தக் கீழ் அலைகளில் உலகத்து மின்னலெல்லாம் சேர்ந்து எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். கம்பியை நீட்டினால் சத்தமும் கூடும், இரைச்சலும் அதே அளவு கூடும், இலாபம் இல்லை. கம்பியைப் பூட்டும்போது இரைச்சல் உயர்கிறதா, கழற்றினால் விழுகிறதா? அப்படியென்றால் அந்தக் கம்பி போதும்.

மின்னலாவது பரவாயில்லை, எங்களுக்குக் கரைச்சல் வீட்டுக்குள்ளேயே. எல்ஈடி பல்பு, போன் சார்ஜர், ரவுட்டர், லிப்ட், மேல்வீட்டு இன்வேர்ட்டர் எல்லாம் சேர்ந்து கத்தும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனதே, ஞாபகம் இருக்கா? நீ அங்கிருந்து அழாக்குறையாகப் போன் எடுத்தாய். சொன்னால் திட்டுவாய் என்று அப்போது சொல்லவில்லை: அந்த இரவுகளில் நான் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு பற்றரியில் றேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வீட்டுக்கு வந்து இருபத்தைந்து வருடத்தில் அப்படி ஓர் அமைதி கேட்டதில்லை. 400 கிலோ ஹேர்ட்ஸுக்குக் கீழே விமானங்களுக்கான வழிகாட்டி நிலையங்கள் தங்கள் பெயரை மோர்ஸ் தந்திக் குறியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. எண்ணி எண்ணிப் பதினொன்று எழுதினேன்.

பிறகு கம்பியை, பற்றரியில் ஓடிய கொம்பியூட்டரின் மைக் துளையில் செருகிப் பார்த்தேன். (மழை இருட்டில் நீ அதைச் செய்யாதே, கொம்பியூட்டரும் போகும், ஆளும் போகும்.) திரையில் 18.2 கிலோ ஹேர்ட்ஸில் நெற்றி வகிடு மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அது திருநெல்வேலிக்குத் தெற்கே விஜயநாராயணத்தில் இருக்கும் இந்தியக் கடற்படை நிலையம். தண்ணீருக்கு அடியில் போகும் நீர்மூழ்கிகளுக்குச் சேதி அனுப்ப 1990இல் தொடங்கியது. பெயர் கட்டபொம்மன். ஓர் அலை பதினாறரைக் கிலோமீட்டர் நீளம்! எங்களிடமிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அம்மாவின் கொடியில் கட்டபொம்மன் வந்துவிட்டான் என்று அவவை எழுப்பிக் காட்டினேன். பார்த்துவிட்டு, “பிரிட்ஜில மீன் கெட்டுப்போச்சு” என்று மட்டும் சொன்னா.

உன் விஷயம் வேறு. அங்கே உனக்குப் பக்கத்து வீடு என்றால் அரைக் கிலோமீட்டர். காசு கொடுத்து வாங்க முடியாத சாமான் அந்த அமைதிதான். முதலில் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பற்றரியில் கேள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போ. கத்துவது எது என்று பிடிபடும்.

காணி சதுரம் என்றாய், வேலிகள் நேர் வடக்குத் தெற்காக இருக்கின்றன என்றாய். ஐந்து ஏக்கர் சதுரத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 200 மீட்டர். தென்மேற்கு மூலையில் றேடியோ, வடகிழக்கு மூலையில் கம்பியின் கடைசி என்று வை. கம்பி நீளும் அந்தத் திசையிலிருந்து வருவதுதான் நன்றாகக் கேட்கும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், உங்கள் ரெஜைனாவிலிருந்து லண்டன், வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக 44 பாகையில் இருக்கிறது. உன் மூலைவிட்டம் 45. இப்படி ஒரு காணி அமைய நீ என்ன புண்ணியம் செய்தாயோ. அமெச்சூர்காரரின் 160 மீட்டர் பட்டைக்கு அது ஓர் அலைநீளத்துக்கும் மேல், உண்மையான லோங் வயர்.

இதற்கு பெவரேஜ் ஏரியல் என்று பெயர், கண்டுபிடித்த அமெரிக்கரின் பெயர் அது. 1921 டிசம்பரில் கொட்லி என்றொருவர் ஸ்கொட்லாந்தின் ஆர்ட்ரொசனில், வயலில் கூடாரம் அடித்து, பன்னிரண்டு அடிக் கம்பங்களில் கிட்டத்தட்ட 400 மீட்டர் கம்பி இழுத்து, குளிரில் விறைத்துக்கொண்டு அமெரிக்க அமெச்சூர்காரரின் சத்தத்தைக் கேட்டார். தரை மோசமாக இருந்தால்தான் இந்த ஏரியல் வேலை செய்யும் என்பதுதான் வேடிக்கை. அலையின் கால் மண்ணில் இழுபட, தலை முன்னுக்குச் சாயும். அந்தச் சாய்வுதான் கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும். உப்புத் தண்ணீருக்கு மேலே சாய்வு அவ்வளவாக வராது. ஆகவே எங்கள் வெள்ளவத்தைக் கடற்கரை இதற்கு உதவாது, உன் வறண்ட புல்வெளி உதவும்.

கம்பிக்கு அலையாதே. மாட்டு வேலிக்குப் போடும் மின்கம்பியும் அதன் இன்சுலேற்றர்களும் பண்ணைச் சாமான் கடையில் கிடைக்கும். மான் ஓடினால் அறுக்காத உயரத்தில், இரண்டரை மீட்டரில் கட்டு. தூர முனையில் 450 ஓம் அளவில் ஒரு காபன் ரெசிஸ்ரர், அதிலிருந்து எர்த் கம்பி. றேடியோ முனையில், கம்பியை றேடியோவுக்கு இசைவாக்க, ஒன்பதுக்கு ஒன்று டிரான்ஸ்போமர், அதற்கும் தனி எர்த். வீட்டு மின்சார எர்த்தில் மட்டும் கொடுக்காதே, இரைச்சல் முழுவதும் அதன் வழியே ஏறி வரும். எர்த் கம்பிகளை ஒக்டோபருக்குள் அடித்துவிடு, பிறகு மண் உறைந்தால் சம்மட்டிதான் உடையும்.

டிரான்ஸ்போமர் சுற்ற, பழைய கொம்பியூட்டர் பவர் சப்ளையைக் கழற்றினால் வளையம் கிடைக்கும். அதில் ஒரு பக்கம் வெள்ளை பூசிய மஞ்சள் வளையத்தை எடுக்காதே. நான் எடுத்து, மூன்று கம்பி முறுக்கி, இரண்டு நாள் சுற்றி, பூட்டினால் ஒரு சத்தமும் இல்லாமல் றேடியோ செத்துக் கிடந்தது. அது இரும்புத்தூள் வளையம். மின்சாரம் நுழையும் இடத்தில், இரண்டு சுருள் ஒன்றாகச் சுற்றிய பெரைற் வளையம் இருக்கும், அதுதான் வேண்டியது.

கொழும்புப் பக்கம் திருப்பலாமா என்று கேட்டாய். உன் வீட்டிலிருந்து கொழும்பு கிட்டத்தட்ட நேர் வடக்கே, வட துருவத்தைத் தாண்டி 13,600 கிலோமீட்டர். ஆனால் துருவ ஒளி எரியும் அந்த வளையத்தைக் கடக்கும்போது இந்தக் கீழ் அலைகள் விழுங்கப்பட்டுவிடும். எனக்காகக் கம்பியை வீணாக்காதே. லண்டன் பக்கமே இருக்கட்டும், டிசம்பர் பின்னேரங்களில் கேள். கோடையில் இடி கேட்டால் கம்பியைக் கழற்றி வெளியே போடு.

அம்மா மிளகாய்த்தூள் பார்சல் கட்டிவிட்டா. அதற்குள் எனாமல் கம்பி ஒரு சுருள் வைத்திருக்கிறேன், தூளைக் கொட்டும்போது பார்த்துக் கொட்டு.

அன்புடன்,
அப்பா