பொருள்: குவாட்டர்பேக் தனித்திறன் மதிப்பெண் தவறு – நான்காவது புகார், சந்தாவைத் திருப்பித் தரக் கோருதல்

குறைதீர் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று மின்னஞ்சல், ஆறு தொலைபேசி அழைப்பு, உங்கள் பெருங்குடி அலுவலகத்துக்கு ஒரு வீண் அலைச்சல். எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறேன். இதையாவது தயவுசெய்து கடைசி வரி வரை படியுங்கள்.

அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். அணியையும் கோச்சின் ஆட்டமுறையையும் கழித்துவிட்டு அவருடைய சொந்தத் திறனை மட்டும் மதிப்பெண்ணாகத் தருவதாகச் சொல்லித்தான் ஆண்டுச் சந்தா வாங்கினீர்கள். உங்கள் திரையில் மூன்றாம் பலகையில் வரும் அந்தப் பச்சை எண் எதையும் கழிக்கவில்லை. எறிந்த பந்துகளின் பலனை மட்டும் வைத்துக் கணக்கிடும், 1973லிருந்து இருக்கும் பாஸர் ரேட்டிங்குக்குப் புதுச் சட்டை மாட்டியிருக்கிறீர்கள்.

கணக்காகவே காட்டுகிறேன். 30 பாஸ் (எறிதல்), பிடிபட்டது 20, 240 யார்டு, 2 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது), 1 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்). பாஸர் ரேட்டிங் 99.3. அந்த இன்டர்செப்ஷன் வந்த விதத்தைப் பாருங்கள். மூன்றாவது டவுன், அதாவது நான்கு முயற்சியில் மூன்றாவது; பந்தைத் தக்கவைக்க இன்னும் 11 யார்டு வேண்டும். பந்து 22 யார்டு தாண்டி, ஓரக்கோட்டை ஒட்டி, பாஸைப் பிடிக்க வேண்டிய ரிசீவரின் இரண்டு உள்ளங்கையிலும் வந்து விழுகிறது. அவர் கோட்டைவிடுகிறார், எகிறிய பந்தை எதிரணி அள்ளிக்கொள்கிறது. அவர் ஒழுங்காகப் பிடித்திருந்தால் 30க்கு 21, 262 யார்டு, ரேட்டிங் 119.0. எறிந்த கையும் அதேதான், பந்து போன பாதையும் அதேதான். கிட்டத்தட்ட 20 புள்ளி ரிசீவரின் கையில் இருந்திருக்கிறது. உங்கள் பச்சை எண்ணும் அதே அளவு சரிகிறது. அப்படியானால் கழித்தது என்ன?

ஸ்கிரீன் பாஸ் இன்னும் மோசம். ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் 2 யார்டில் நிற்பவருக்குத் தட்டிவிட்ட பந்து, அவர் 60 யார்டு ஓடுகிறார். ஓடிய தூரம் முழுவதும் எறிந்தவர் கணக்கில். காற்றில் போன தூரத்தையும் பிடித்தபின் ஓடிய தூரத்தையும் நீங்களே தனித்தனியாகப் பதிவு செய்கிறீர்கள். பதிவு செய்துவிட்டு மதிப்பெண்ணில் ஏன் கூட்டிப் போடுகிறீர்கள்?

இதைத்தான் உங்கள் பிரதிநிதியிடம் கேட்டேன். "சார், ஜெயிக்கிறவன்தானே நல்ல பிளேயர்? உங்களுக்கு ஃபுட்பால் புரியலை" என்றார். பிறகு இருபது நிமிடம் காத்திருக்க வைத்து இணைப்பைத் துண்டித்தார். அவருக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டு டெட்ராய்டில் 12 சீசன் ஆடினார், ஒரு பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) வெற்றிகூட இல்லை. 2021 சீசனில் லாஸ் ஏஞ்சலஸ் போனார், முதல் வருஷமே இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் வெற்றி. அந்த 12 வருஷம் அவருக்குக் கை இல்லையா? 2008ல் முதல் ஆட்டத்திலேயே நியூ இங்கிலாந்து அணியின் குவாட்டர்பேக் டாம் பிரேடி முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். கல்லூரியில் ஒரு ஆட்டத்தைக்கூடக் குவாட்டர்பேக்காகத் தொடங்காத மேட் காசலை வைத்து அந்த அணி 11 வெற்றி, 5 தோல்வி என்று முடித்தது. வெற்றிக் கணக்கு அணியுடையது. இது தெரியாதவரை இந்தப் பொருளுக்கு உதவி மேசையில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

சாக் (எறியும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) விஷயம் விட்டுப்போயிற்று. எல்லாச் சாக்கையும் அவரைக் காக்கும் முன்வரிசையான லைன் தலையில் கட்டிவிடுகிறீர்கள். லைன் 3 வினாடி காத்துக் கொடுத்த பிறகும் பந்தை விடாமல் வைத்திருந்து வாங்கும் சாக் யாருடைய தவறு? அணி மாறினாலும் சாக் வாங்கும் பழக்கம் பெரும்பாலும் குவாட்டர்பேக்கோடேயே போகிறது. சொந்தத் திறனைத் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். எதிரணியின் அழுத்தம் வந்த தடவைகளில் எத்தனை சாக்காக முடிந்தது என்ற விகிதத்தைப் போடுங்கள், போதும். தகவல் உங்களிடம் இருக்கிறது.

பெருங்குடிக்கு நான் வந்தது களத்திலுள்ள 22 பேரையும் காட்டும் ஆல்-22 வீடியோவுக்காக. சந்தாவில் உண்டு என்று எழுதியிருக்கிறது, திறந்தால் டிவி கோணம் மட்டும் வருகிறது. டிவி கோணத்தில் ஆழத்தில் நிற்கும் எதிரணித் தடுப்பாளரான சேஃப்டி தெரியமாட்டார். முதல் ரிசீவர் மறிக்கப்பட்ட பிறகு குவாட்டர்பேக் இரண்டாவது, மூன்றாவது ஆளைத் தேடினாரா, கோச் வரைந்து கொடுத்த முதல் ஆளுக்கே எறிந்தாரா என்று எப்படிப் பிரிப்பது? இந்த வேலையின் உயிரே அதுதான். வாசலில் இருந்தவர் "டிக்கெட் நம்பர் இருந்தால்தான் உள்ளே" என்றார். டிக்கெட் நம்பர் கேட்டுத்தானே ஆறு முறை போன் செய்தேன்!

குவாட்டர்பேக் ஜாரெட் காஃப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 2016ல் ரேட்டிங் 63.6, 2017ல் 100.5. இடையில் கோச்சாக ஷான் மெக்வே வந்தார், லைனில் இடது டேக்கிள் இடத்தில் ஆண்ட்ரூ விட்வொர்த் வந்தார், ரிசீவர்களாக ராபர்ட் வுட்ஸ், கூப்பர் கப் இருவரும் வந்தார்கள். உங்கள் பலகை இந்த ஏற்றம் முழுவதையும் "தனித்திறன் வளர்ச்சி" என்கிறது. இரண்டாம் வருஷத்தில் அவரும் கொஞ்சம் தேறியிருப்பார், மறுக்கவில்லை. எவ்வளவு அவர், எவ்வளவு மற்றவர்கள் என்று பிரிக்கத்தானே பணம் கட்டினேன்? நிக் ஃபோல்ஸ் 2013ல் 119.2, 2015ல் வேறு அணியில் 69.0. அதையும் திறன் சரிவு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். 2018 பிப்ரவரியில் சூப்பர் பௌலின் சிறந்த வீரர் விருது வாங்கியதும் அதே ஃபோல்ஸ்தான்.

உங்கள் எண்ணை நம்பி எழுதிய அறிக்கைகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. ஒரு சீசன் முழுவதும் பாழ். இந்தத் துறையில் என் பெயரே கெட்டுவிட்டது.

உங்கள் பொறியாளர்கள் உழைப்பவர்கள் என்று தெரியும்; பந்தின் பாதையைப் பதிவு செய்வதில் உங்களைக் குறை சொல்லமாட்டேன். அதனால்தான் இன்னமும் மரியாதையாகக் கேட்கிறேன். கோட்டைவிட்ட பந்து, எதிரணி நழுவவிட்ட இன்டர்செப்ஷன் வாய்ப்பு, ஸ்கிரீன், ஓட ஆள் விடுவதுபோல் ஏமாற்றி எறியும் பிளே-ஆக்‌ஷன், ஆட்டம் முடிவான பிறகு சேர்த்த யார்டு – இவற்றைத் தனியாகப் பிரித்துவிட்டு மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்கிடுங்கள். 100 பாஸ்கூட எறியாதவருக்குப் பச்சை எண் போடவே வேண்டாம். ஆல்-22ஐத் திறந்துவிடுங்கள். முடியாதென்றால் சந்தாவை முழுவதும் திருப்பித் தாருங்கள்.

ஏழு நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் பதிவாகும். அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். அழைப்புப் பதிவு என்னிடமும் இருக்கிறது. "உங்களுக்கு ஃபுட்பால் புரியலை" என்றவரிடமிருந்து தனியாக ஒரு வருத்தக் கடிதமும் எனக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆண்டுச் சந்தாதாரர்